எல்லோருக்கும் எழுத இடம் கொடுத்தவர் எங்கே தடுமாறினார்?

தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களின் செய்தித்தளங்கள் பல எப்படி ஆரம்பமாகின என்பது இதை வாசிப்பவர்களில் அதிகமானோருக்குத் தெரிந்திருக்கும். கட்டாரிலோ சவூதியிலோ வேலை முடிந்து அறைக்கு வந்த ஓர் இளைஞர், ஊரிலிருந்து வந்த செய்தியைத் தனது கணினியில் தட்டச்சுச் செய்து ஒரு பொத்தானை அழுத்துவார். ஜனாஸா அறிவித்தல், பாடசாலைப் பெறுபேறு, வீதி விபத்து, பிரதேச சபைத் தகராறு எல்லாம் அடுத்த நிமிடமே உலகத்துக்குத் தெரியும். அச்சகம் இல்லை, காரியாலயம் இல்லை, கையில் முதலும் இல்லை. 'ப்ளொக்கர்' என்ற இலவச வசதி ஒன்று இருந்தது, அது போதுமாக இருந்தது.

அந்த ப்ளொக்கரை உருவாக்கியவர் யார் என்று உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கைகள் படிக்கும் என் மாணவர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. முகநூல் யாருடையது என்றால் வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஆனால் ப்ளொக்கர், டுவிட்டர், மீடியம் ஆகிய மூன்றின் தொடக்கத்திலும் இருந்த எவான் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கரின் பெயர் நம்மிடையே அறிமுகமில்லாதது. (ஆங்கில உச்சரிப்பின்படி 'எவன்' என்று எழுதினால் தமிழில் அது கேள்வியாகிவிடும். ஆகவே எவான் என்றே எழுதுகிறேன்.)

அவருடைய தொழில் வாழ்க்கையை நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் அவர் சம்பாதித்த பணம் அல்ல. எழுதுவதற்கான செலவை இல்லாமலாக்கினால் நல்ல எழுத்து தானாகவே மேலே வரும் என்று நம்பி ஆரம்பித்தவர் அவர். இருபது வருடங்களுக்குள், தான் நினைத்தது பிழை என்று பகிரங்கமாகச் சொன்னவரும் அவரே. இணையத்தில் செய்தித்தளம் நடத்துகின்ற, அதை வாசிக்கின்ற நமக்கு அந்தப் பயணத்தில் படிக்க நிறைய இருக்கிறது.

அவர் 1972ஆம் ஆண்டு நெப்ரஸ்கா மாநிலத்தின் கிளார்க்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அங்கு சனத்தொகை நானூறைக்கூட எட்டாது. சோளமும் சோயாவும் பயிரிடும் விவசாயக் குடும்பம். பல்கலைக்கழகம் போனார், ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டார். பின்னர் சில சிறிய கம்பனிகளை ஆரம்பித்தார். இணையத்தைப் பாவிப்பது எப்படி என்று விளக்கும் வீடியோ, உள்ளூர்ப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியைப் பற்றிய இறுவட்டு என்று ஏதேதோ செய்து பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. 1996இல் கலிபோர்னியாவுக்குச் சென்று, கணினி நூல்களை வெளியிடும் ஓ'ரைலி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சந்தைப்படுத்தல் பிரிவில் சேர்ந்தவர், கொஞ்ச நாளில் நிரல் எழுதுபவராக மாறினார்.

1999இல் மெக் ஹூரிஹன் என்ற பெண்மணியுடன் சேர்ந்து 'பைரா லாப்ஸ்' என்ற கம்பனியைத் தொடங்கினார். அவர்கள் விற்க நினைத்தது அலுவலக வேலைகளை ஒழுங்குபடுத்தும் ஒரு மென்பொருள். ஊழியர்கள் தமக்குள் குறிப்புகளைப் பகிர்வதற்கு ஒரு சின்னக் கருவியைச் செய்து வைத்திருந்தார்கள். அதையே அந்த ஆண்டு ஓகஸ்டில் ப்ளொக்கர் என்ற பெயரில் வெளியே விட்டார்கள். விற்க நினைத்ததை உலகம் மறந்துவிட்டது, சும்மா செய்து வைத்திருந்ததுதான் நின்றது.

அது என்ன செய்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். அதற்கு முன்னர் இணையத்தில் ஒரு பந்தி எழுத வேண்டுமானால் எச்.டி.எம்.எல். குறிகள் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தைத் தயாரித்து, வேறொரு மென்பொருளால் தூரத்திலிருக்கும் சேவர் கணினிக்கு ஏற்ற வேண்டும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டும். ப்ளொக்கர் அதை ஒரு பெட்டியாகவும் ஒரு பொத்தானாகவும் சுருக்கியது. பெட்டியில் எழுதுங்கள், பொத்தானை அழுத்துங்கள். திகதி போட்டு, புதியதை மேலே வைத்து, பழையதைக் கீழே தள்ளி, மற்ற எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பாவனையாளர்கள் குவிந்தார்கள். பணம் வரவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இணையக் கம்பனிகளின் பங்குகள் சரிந்தன, முதலீட்டாளர்கள் கையை விரித்தார்கள். சேவர் வாங்கக் காசில்லாமல் வாசகர்களிடமே உதவி கேட்க, பத்தாயிரம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அந்தச் சம்பவத்தை நான் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறேன், பின்னால் தேவைப்படும். 2001 ஜனவரியில் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போனது. ஹூரிஹன் உட்பட எல்லோரும் விலகினார்கள். வில்லியம்ஸ் தனி ஆளாக இருந்து ப்ளொக்கரை நடத்தினார். கணினியில் முதல் விரிதாள் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் பிரிக்லினின் கம்பனி செய்த சிறிய உதவி அவரைக் காப்பாற்றியது.

அதே காலத்தில்தான் நான் ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கும் ஒரு சஞ்சிகை இருந்தது. ஸ்டென்சில் வெட்டி ரோணியோ செய்வோம். தாளுக்கும் மைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்ப்போம். ஐம்பது பிரதிதான். பக்கம் குறைவு என்பதால் ஆசிரியர் குழு ஒவ்வொரு கட்டுரையையும் பிடித்து வைத்துக் கேள்வி கேட்கும். 'இதை யார் சொன்னது?', 'இந்தப் பந்தி தேவையா?' என்று என் கவிதை இரண்டு முறை திரும்பி வந்தது. தாள் விலை எங்களைக் கட்டிப்போட்டது, கூடவே திருத்தவும் செய்தது. அதற்காக அந்தக் காலத்தை நான் புகழவில்லை. எங்கள் ஊரில் வெள்ளம் வந்து மூன்று நாள் கழித்து கொழும்புப் பத்திரிகையில் நான்கு வரி வந்தால் பெரிய விடயம். நம்மைப் போன்ற ஊர்கள் செய்தியில் இல்லாமலே வாழ்ந்தன. ப்ளொக்கர் போன்றவை திறந்த கதவு உண்மையான கதவுதான்.

2003 பெப்ரவரியில் பைரா லாப்ஸை கூகுள் வாங்கியது. அப்போது ப்ளொக்கரில் பதிவு செய்தவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். அதுவரை காசு கொடுத்துப் பெற வேண்டியிருந்த வசதிகளையும் கூகுள் இலவசமாக்கியது. அதே ஆண்டில் கூகுள் 'அட்சென்ஸ்' என்ற விளம்பரச் சேவையையும் தொடங்கியது. யாரும் தம் பக்கத்தில் சில வரி நிரலைப் போட்டால் கூகுள் விளம்பரங்களைக் கொண்டுவந்து வைக்கும், வருமானத்தில் பங்கு தரும். எழுதுவது இலவசம், வாசிப்பது இலவசம், செலவை விளம்பரம் பார்த்துக்கொள்ளும். தமிழ்த் தளங்களுக்கு அட்சென்ஸ் அதிகாரபூர்வமாக வந்தது 2018 பெப்ரவரியில்தான்.

இந்தக் கணக்கை வகுப்பில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டுவதுண்டு. விளம்பரதாரர் பணம் கொடுப்பது பக்கத்தைப் பார்த்த கண்களின் எண்ணிக்கைக்கும் கிளிக்குக்கும்தான். மாவட்ட வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாடு என்பதை ஒரு நிருபர் மூன்று நாள் அலைந்து உறுதிப்படுத்தி எழுதுகிறார். இன்னொருவர் வேறொரு தளத்திலிருந்து ஒரு வதந்தியை மூன்று நிமிடத்தில் வெட்டி ஒட்டி, மேலே 'அதிர்ச்சி!' என்று போடுகிறார். இரண்டையும் ஆயிரம் பேர் பார்த்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வருமானம். இரண்டாவதைப் பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள். இதில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, கணக்கே அந்தப் பக்கம் இழுக்கிறது.

வில்லியம்ஸ் 2004இல் கூகுளை விட்டு விலகினார். அடுத்து அவர் நோவா கிளாஸ் என்பவருடன் தொடங்கிய 'ஓடியோ', பொட்காஸ்ட் எனப்படும் ஒலிப்பதிவுகளுக்கான கம்பனி. 2005 ஜூனில் அப்பிள் தனது ஐடியூன்ஸில் பொட்காஸ்டைச் சேர்த்ததும் ஓடியோவின் எதிர்காலம் முடிந்தது. என்ன செய்வது என்று ஊழியர்கள் யோசனைகளைத் தேடியபோது ஜெக் டோர்சி என்ற ஊழியர் சொன்ன எண்ணம் 2006 மார்ச்சில் டுவிட்டராகியது. கைத்தொலைபேசியின் குறுஞ்செய்திக்கு 160 எழுத்துத்தான் எல்லை. பெயருக்கு இருபதை ஒதுக்கி மீதியை 140 என்று வைத்தார்கள். வில்லியம்ஸ் முதலீட்டாளர்களின் பங்கைத் தன் சொந்தப் பணத்தால் திருப்பி வாங்கினார். அந்த வேளையில் டுவிட்டரின் பெறுமதி முதலீட்டாளர்களுக்கு விளங்கியிருக்கவில்லை என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது. டுவிட்டர் என்ற பெயரைக் கண்டுபிடித்த நோவா கிளாஸ் அந்த ஆண்டிலேயே வெளியேற்றப்பட்டார். சாதனையாளர் வரலாறுகளில் இப்படியான பக்கங்களை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும்.

2008 ஒக்டோபரில் டோர்சியின் இடத்துக்கு வில்லியம்ஸ் பிரதம நிறைவேற்று அதிகாரியாக வந்தார். இரண்டு வருடம் இருந்தார். ஒரு ஊடகம் எப்படி உருவாகிறது என்று கேட்டால் அந்த இரண்டு வருடத்தைத்தான் நான் காட்டுவேன்.

அதுவரை டுவிட்டர் பெட்டியின் மேல் இருந்த கேள்வி, 'நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?' என்பது. தேநீர் குடிக்கிறேன், பஸ்ஸில் நிற்கிறேன் என்று ஆட்கள் பதில் எழுதுவார்கள். 2009 நவம்பரில் அதை 'என்ன நடக்கிறது?' என்று மாற்றினார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் முதல் கேள்வி எழுதுபவரைப் பற்றியது, இரண்டாவது அவரைச் சுற்றியுள்ள உலகத்தைப் பற்றியது. கண்முன் நடப்பதைச் சொல்லும் நிருபராக ஒவ்வொருவரையும் அது ஆக்கியது. அந்த ஆண்டு ஜூனில் ஈரானில் தேர்தலுக்குப் பிந்திய ஆர்ப்பாட்டங்கள் நடந்தபோது, திட்டமிட்டிருந்த பராமரிப்பு வேலையைத் தள்ளிப்போடுமாறு அமெரிக்க இராஜாங்கத் திணைக்களமே டுவிட்டரிடம் கேட்டிருந்தது.

அதே நவம்பரில்தான் 'ரீடுவீட்' பொத்தானும் வந்தது. அதற்கு முன்னர் ஒருவர் எழுதியதை மற்றவர் பகிர வேண்டுமானால் கையால் பிரதி செய்து ஒட்ட வேண்டும். ஒட்டும்போது ஒருமுறையாவது கண்ணால் வாசிக்க வேண்டும். பொத்தான் வந்த பிறகு அந்தச் சில விநாடிகளும் போய்விட்டன. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் கிறிஸ் வெதரல் பத்து வருடம் கழித்து, நான்கு வயதுப் பிள்ளையின் கையில் குண்டு போட்ட துப்பாக்கியைக் கொடுத்தது போலாகிவிட்டது என்று மனம் வருந்தினார். 2010 ஏப்ரலில் டுவிட்டரில் விளம்பரமும் ஆரம்பமானது. உலகத்தைப் பற்றிய கேள்வி, யோசிக்காமல் பரப்பும் பொத்தான், கண்களின் எண்ணிக்கைக்குப் பணம் என்ற மூன்றும் ஆறு மாதத்துக்குள் ஒரே இடத்தில் சேர்ந்தன. அந்த ஒக்டோபரில் வில்லியம்ஸின் இடத்துக்கு டிக் கொஸ்டோலோ வந்தார்.

2013 நவம்பரில் டுவிட்டர் பங்குச் சந்தைக்கு வந்த அன்று வில்லியம்ஸின் பங்கு இரண்டு பில்லியன் டொலரைத் தாண்டியது. 'டீச்சர், அப்ப அந்தாளுக்கு வேற என்ன வேணும்?' என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

இந்தக் கருவிகளின் இரண்டு முகத்தையும் நாம் நேரில் பார்த்தவர்கள். 2014 ஜூனில் அளுத்கம, பேருவளை, தர்கா நகர்ப் பகுதிகளில் வன்முறை நடந்த இரவில், தொலைக்காட்சியைப் பார்த்திருந்தவர்களுக்கு நாட்டில் எதுவும் நடக்காதது போலத் தோன்றியது. என்ன நடக்கிறது என்பது டுவிட்டரிலும் முகநூலிலும் சிறிய இணையத்தளங்களிலுமே தெரிந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் இருந்த மாக்கட்டி கருத்தடை மாத்திரையாகச் சித்திரிக்கப்பட்டது, அந்த வீடியோ பரவியது, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னபோது திகன கலவரமும் நடந்து முடிந்திருந்தது. அது பரவியது முகநூலில், வில்லியம்ஸின் கம்பனியில் அல்ல. ஆனால் பின்னால் இருந்தது அதே அளவுகோல்தான். எது அதிகம் பார்க்கப்படுகிறதோ அதை இன்னும் அதிகமாகக் காட்டு. 2018இல் தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இந்த அளவுகோலைப் பற்றி வில்லியம்ஸ் 2017 மே மாதத்தில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்குச் சொன்ன உவமை எளிமையானது. வீதியில் போகும்போது ஒரு வாகன விபத்து நடந்திருந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மனித இயல்பு. அதைப் பார்த்துவிட்டு, 'இவர்களுக்கு விபத்துத்தான் பிடித்திருக்கிறது, இன்னும் கொடுப்போம்' என்று இணையம் முடிவு செய்கிறது. எல்லோருக்கும் சுதந்திரமாகப் பேச இடம் கிடைத்தால் உலகம் தானாகவே நல்லதாகிவிடும் என்று நினைத்தது பிழை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். கோடீசுவரர் ஆன பிறகு சொல்வது சுலபம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்போது அவர் தன் பணத்தையும் பெயரையும் வைத்து அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சியில் ஐந்து வருடமாக இறங்கியிருந்தார்.

அந்த முயற்சிதான் 2012 ஓகஸ்டில் தொடங்கிய 'மீடியம்'. 140 எழுத்துக்கு எதிர்ப்பக்கம், நீண்ட கட்டுரைகளுக்கான இடம். எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதை விட, வாசிப்பதில் எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்பதை முக்கிய அளவாக எடுத்தார்கள். அளவுகோலை மாற்றினால் எழுத்து மாறும் என்பது எண்ணம். எண்ணம் சரி. காசு எங்கிருந்து வரும் என்ற பழைய கேள்வி மட்டும் வாசலிலேயே நின்றது. முதலில் ஊதியம் கொடுத்து எழுத்தாளர்களை அழைத்தார்கள். பிறகு வேறு சிறு சஞ்சிகைகளைத் தமது தளத்துக்கு வரச் சொன்னார்கள், விளம்பரத்தையும் முயன்று பார்த்தார்கள். 2017 ஜனவரியில், விளம்பரத்தால் ஓடும் ஊடகம் பழுதாகிப்போன ஒன்று என்று சொல்லி, சுமார் ஐம்பது பேரை, அதாவது ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினரை, வேலையிலிருந்து நிறுத்தினார். இரண்டு காரியாலயங்கள் மூடப்பட்டன. அந்த விளம்பர வருமானத்தை நம்பி வந்திருந்த சஞ்சிகைகள் நடுவழியில் நின்றன. கொள்கை உயர்வானது, விலை கொடுத்தது மற்றவர்கள். அவரிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

அதே மார்ச்சில் மாதம் ஐந்து டொலர் சந்தா வந்தது. அந்தச் சந்தாப் பணம் வாசகர் வாசிப்புக்கு ஏற்ப எழுதியவர்களுக்குப் பகிரப்பட்டது. ஆனால் அதற்குள்ளும் சிலர் விரைவில் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார்கள். 'காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வெற்றி' போன்ற கட்டுரைகளை எழுதிக் குவிப்பதுதான் அது. எந்த அளவுகோலை வைத்தாலும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும் திறமை எழுதுபவர்களுக்கு உண்டு. பரீட்சைக்குப் படிப்பிக்கும் எங்களுக்கு இது புதினமில்லை.

2022 ஜூலையில் வில்லியம்ஸ் மீடியத்தின் பொறுப்பிலிருந்து விலகினார். அதைப் பொறுப்பேற்ற டோனி ஸ்டபிள்பைன், முன்னர் ஓடியோவில் அவரிடம் வேலை செய்த பொறியியலாளர். செலவைக் குறைத்து, சந்தாவை மட்டும் நம்பி, 2024 ஓகஸ்டில் மீடியம் முதன்முறையாக இலாபம் பார்த்தது. அந்தச் சந்தா முறை கணக்கை நேராக்க ஏழு வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. அதற்குள் டுவிட்டர் 44 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டு, பெயரையும் இழந்துவிட்டது. 2024 இறுதியில் வில்லியம்ஸ் 'மோஸி' என்ற ஒரு புதிய செயலியுடன் வந்தார். நண்பர்கள் ஒரே ஊரில் இருக்கும்போது ஒருவருக்கொருவர் தெரியப்படுத்துவது அதன் வேலை. அதில் ஊருக்கெல்லாம் எழுத இடமில்லை, பின்தொடர்வோர் எண்ணிக்கையும் இல்லை.

நமது தளங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஒரு முறை பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில், எங்கள் பாடசாலையில் ஒருவரும் சித்தியடையவில்லை என்று ஒரு தளத்தில் செய்தி வந்தது. அதே பெயருள்ள வேறொரு பாடசாலையின் விபரம் அது. தொலைபேசியில் சொன்னதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். நல்ல பிள்ளைகள்தான், சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள். ஆனால் பிழையான செய்தி வட்ஸ்அப் குழு குழுவாகப் போயிருந்தது, திருத்தம் போகவில்லை. போடுவதற்கு முன் ஒரு தடவை எங்கள் அதிபருக்கு அழைப்பெடுக்க ஓர் ஆளும் ஐந்து நிமிடமும் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கான காசு விளம்பரத்தில் வராது. வாசகர்தான் தர வேண்டும். அன்று ப்ளொக்கருக்குச் சேவர் வாங்கிக் கொடுத்ததும் வாசகர்கள்தான்.

இதைச் சொல்லிவிட்டு, நீங்கள் தினமும் பார்க்கும் செய்தித்தளத்துக்கு மாதம் நூறு ரூபா கொடுப்பீர்களா என்று வகுப்பில் கேட்டேன். முப்பத்தொரு பேரில் இரண்டு கை உயர்ந்தது. அதில் ஒரு கை, ஊரில் செய்தித்தளம் நடத்துபவரின் மகனுடையது.